காலத்தே வந்த சொல்

பனி உறையும் நாடுகளில் வாழ்வோர்க்கு மார்கழித் திங்களில் வெயிலே பெருஞ்செல்வம். கிறிஸ்துமஸ் விடுமுறை கிடைத்ததும் அவர்கள் வெப்பமண்டலக் கடற்கரைகளை நாடிப் பறப்பர். சிங்கப்பூர் மக்களோ ஆண்டு முழுதும் வெயிலில் வாழ்பவர். ஆயினும் அந்த நாட்டம் அவர்களுக்கும் உண்டு. பள்ளிகளின் ஆண்டிறுதி விடுமுறையும் கிறிஸ்துமஸும் ஒருசேர வருதலின், ஆர்ச்சர்ட் சாலையின் அலங்கார விளக்குகளைக் கண்டு களித்த குடும்பங்கள் பல, பினாங்குக்கும் பூக்கெட்டுக்கும் புறப்பட்டுவிடும். சிராங்கூன் சாலைக்கு அணித்தே, ஓஃபீர் சாலையில், தமிழ்க் கத்தோலிக்கர்க்கென 1888இல் எழுந்த லூர்து அன்னை ஆலயத்தில் வழிபடுவோருள் சிலர், அத்திருநாளை வேளாங்கண்ணிக் கடலோரத்தில் கழிக்க விழைவர். அயலூர்க் கடற்கரையில் பண்டிகை கொண்டாடுவதில் ஓர் இன்பம் இருக்கிறது. அங்கே மணி பார்க்க வேண்டியதில்லை. கடலைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

ஆனால், கடலைப் பார்ப்பது வேறு. கடலை அறிவது வேறு. அவ்வேறுபாட்டை உலகம் ஒரே நாளில் உணர்ந்தது.

2004ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூர் நேரம் காலை 8.58 மணிக்குச் சுமத்ராவின் வடமேற்கே கடலடித் தரை பிளந்தது. சுமத்ராத் தீவே அரணாக நின்றமையால் சிங்கப்பூரின் கரை அமைதியாகவே இருந்தது. மற்றக் கரைகளுக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. குளிருக்கு அஞ்சி வெயிலை நாடி வந்திருந்த சுவீடன் நாட்டவருள் 543 பேர், பெரும்பாலோர் தாய்லாந்தில், மாண்டனர். திருநாளை முடித்துக்கொண்டு வேளாங்கண்ணி மணலில் உலவிய யாத்திரிகர் பலரை அலை வாரிச் சென்றது. நாகை மாவட்டத்தில் மட்டும் மாண்டோர் 6000க்கும் மேற்பட்டோர். அலை வந்து சேர இரண்டு மணி நேரத்திற்கும் மேல் இருந்தது. ஆனால், இந்தியப் பெருங்கடலுக்கென எச்சரிக்கை அமைப்பு எதுவும் அன்று இல்லை. நேரம் இருந்தது, சொல்லத்தான் ஆளில்லை.

ஆளிருந்த இடங்களும் சில உள. பூக்கெட்டின் மாய் காவ் கடற்கரையில், பெற்றோருடன் விடுமுறைக்கு வந்திருந்த டில்லி ஸ்மித் என்னும் பத்து வயது ஆங்கிலச் சிறுமி, கடல்நீர் நுரைத்துக் கொப்புளிப்பதைக் கண்டாள். இரு வாரங்களுக்கு முன்னர் வகுப்பில் ஆசிரியர் ஆண்ட்ரூ கியர்னி நடத்திய புவியியல் பாடம் அவள் நினைவுக்கு வந்தது. அவள் விடாது எச்சரித்தாள். ஏறத்தாழ நூறு பேர் கரையை விட்டு அகன்று உயிர் பிழைத்தனர். தேர்வுக்கென்று நடத்தப்பட்ட பாடம், தேர்வு வருமுன்னரே பயன்பட்டது.

இன்னொரு சொல் சிங்கப்பூரிலிருந்தே புறப்பட்டது. புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்னும் மீனவச் சிற்றூரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் இங்கே வேலை செய்துவந்தார். பேரலைச் செய்தியைக் கேட்டதும் அவர் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார். கடல்நீர் ஊருக்குள் வருகிறதென்று வீட்டார் கூற, உடனே ஓடுமாறும் ஊராரை எழுப்புமாறும் அவர் சொன்னார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அவ்வூரில் அமைத்திருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கி முழங்கிற்று. வீடுகளும் படகுகளும் அழிந்தன. சுமார் 3600 மக்கள் பிழைத்தனர். அயல்நாட்டில் உழைப்போர் வீட்டுக்குப் பணம் அனுப்புவதை ஊர் அறியும். அன்று அவர் அனுப்பியதோ ஒரு சொல். அதற்கு எந்தப் பணமும் ஈடாகாது.

சுமத்ராவை ஒட்டிய சிமெலுவே தீவினர்க்குப் பள்ளியும் தேவைப்படவில்லை, தொலைபேசியும் தேவைப்படவில்லை. 1907இல் நேர்ந்த பேரலையைச் 'ஸ்மோங்' என்ற பெயரால் தாத்தா பாட்டியர் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தனர். நிலம் நெடுநேரம் நடுங்கினால், கடல் பின்வாங்கினால், மேட்டுக்கு ஓடு என்பதே அக்கதையின் சாரம். 2004இல் நிலநடுக்க மையத்திற்கு மிக அண்மையில் இருந்தும் அத்தீவில் மாண்டவர் மிகச் சிலரே.

ஈண்டுத் தமிழர் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. 'கடல்கோள்' என்ற சொல் தமிழில் பன்னூறாண்டுகளாக வழங்குகிறது. தென்மதுரையையும் கபாடபுரத்தையும் கடல் கொண்டதை இறையனார் அகப்பொருள் உரை கூறும்; காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதை மணிமேகலை கூறும். இவற்றை மாணவர் மனப்பாடம் செய்தனர், மதிப்பெண்ணும் பெற்றனர். எனினும், கடல் பின்வாங்கிய அக்காலைப் பொழுதில், வெறுந்தரையாய்க் கிடந்த கடற்படுகையை வேடிக்கை பார்க்கச் சென்றவர் தமிழ்க் கரையிலும் இருந்தனர். பழம்பெருமையாக மட்டும் கற்பிக்கப்பட்ட சொல், எச்சரிக்கையாகக் கற்பிக்கப்படவில்லை.

இன்று ஐதராபாத்தில் 2007 முதல் எச்சரிக்கை மையம் இயங்குகிறது. ஆயினும் கருவியின் செய்தி கரையில் நிற்பவன் செவிக்கு எட்டும்வரை, அவன் அறிவே அவனுக்குக் காவல். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பிள்ளைகளை அயல்நாட்டுக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர், நீச்சல் உடையை எடுத்து வைக்கும்போதே சிமெலுவேத் தீவினரின் கதையையும் சொல்லிவிடுதல் நலம். சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.