உப்புப் போடாத பாஸ்தா

எனக்கு நினைவு தெரிந்து அப்பா ஹோட்டலில் ஒரு ஐட்டத்தை ரசித்துச் சாப்பிட்டு, "இன்னொரு தட்டு சொல்லலாமா?" என்று கேட்டது ஒரே ஒரு முறைதான். அதையும் நான் கெடுத்தேன்.

ஆடிட்டர் ஆபீஸ் ஒன்றில் சாயங்காலம் மட்டும் போய் வவுச்சர் என்ட்ரி போடுகிறேன். முதல் சம்பளம் வந்ததும் அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு மாலில் இருக்கும் இத்தாலியன் ரெஸ்டாரண்ட் ஒன்றுக்குப் போனேன். ஊருக்கு நாலு கிளை வைத்திருக்கும் கம்பெனி. அம்மாவுக்கு பீட்சா. அப்பாவுக்கு வைட் சாஸ் பாஸ்தா. லேத்து பட்டறையில் முப்பது வருஷம் நின்ற மனுஷன் ஃபோர்க்கை ஸ்குரூ டிரைவர் மாதிரி பிடித்துக்கொண்டு ஒரு வாய் எடுத்தார். "பால் கொழுக்கட்டையில சக்கரைக்குப் பதிலா உப்பப் போட்டாப்ல இருக்குது கண்ணு. நல்லாருக்குது" என்றார். தட்டு காலி. இரண்டாவது தட்டும் வந்தது.

நான் அந்த வாரம் முழுக்க யூட்யூபில் இத்தாலிய சமையல் வீடியோவாகப் பார்த்து ஊறிப்போயிருந்தேன். வாய் சும்மா இருக்குமா? "இதெல்லாம் ஒரிஜினல் இல்லைங்கப்பா. இத்தாலிக்காரன் பார்த்தா சிரிப்பான்" என்றேன்.

"அப்படிங்களா" என்றார். ஃபோர்க்கைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். இரண்டாவது தட்டு பாதியோடு நின்றுவிட்டது.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. சரி, நான் சொன்னதாவது உண்மையா என்று தேட ஆரம்பித்தேன். தேடத் தேட என் பக்க நியாயம் கரைந்துகொண்டே போனது :-)

முதலில் ஆல்ஃப்ரெடோ பாஸ்தா. அமெரிக்க செயின் கடைகளில் கிரீம் கொட்டிச் செய்யும் இதற்குப் பிறந்த வீடு நிஜமாகவே ரோம்தான். 1908 வாக்கில் ஆல்ஃப்ரெடோ டி லெலியோ என்பவர், பிள்ளை பெற்றுச் சோர்ந்திருந்த மனைவிக்காக வெண்ணெயும் பார்மிஜானோ சீஸும் மட்டும் போட்டுப் பிசறிக் கொடுத்தது என்று கதை. ஹாலிவுட் நட்சத்திர ஜோடி மேரி பிக்ஃபோர்டும் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸும் அவர் கடையில் சாப்பிட்டு மயங்கி, தங்கத்தில் ஃபோர்க்கும் ஸ்பூனும் பரிசு கொடுத்தார்கள். அப்படியே அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. இன்றைக்கு இத்தாலியில் ஆல்ஃப்ரெடோ என்று கேட்டால் பல பேருக்குத் தெரியாது. வெண்ணெய் பாஸ்தா என்று கேட்டால், உடம்பு சரியில்லையா என்பார்கள். நம்ம ரசம் சாதம் மாதிரி.

கிரீம் எப்படி உள்ளே வந்தது? இங்கேதான் என் பி.காம். மூளை விழித்துக்கொண்டது. வெண்ணெய், சீஸ், பாஸ்தா வெந்த மாவுத் தண்ணீர் மூன்றும் சூட்டில் சேர்ந்தால்தான் அந்தக் குழம்பு பிடிக்கும். ரெண்டு நிமிஷம் தாமதித்தால் திரிந்து கட்டியாகிவிடும். கூட்டம் அள்ளும் கடையில் அது நடக்கிற காரியமா? கிரீமோ மைதாவும் பாலுமோ போட்டுக் காய்ச்சிய சாஸ் மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும். யார் செய்தாலும், எந்தக் கிளையில் செய்தாலும் ஒரே ருசி. ஸ்டாண்டர்டைசேஷன் என்று செமஸ்டரில் எழுதி மார்க் வாங்கினோமே, அதேதான். இத்தனைக்கும் அந்த மைதா, பால் சாஸும் இத்தாலிக்கு அந்நியமில்லை. பொலோன்யா ஊர் லசாஞ்யாவின் அடுக்குகளுக்கு நடுவே அதைத்தான் தடவுகிறார்கள்.

சரி, ஒரிஜினல் என்பதாவது அசையாமல் இருக்கிறதா? கார்போனாராவைப் பாருங்கள். பன்றிக் கன்னத்து இறைச்சி, முட்டை, பெக்கொரினோ சீஸ், மிளகு, இதைத் தாண்டி எதைப் போட்டாலும் இன்றைக்கு இத்தாலியர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆனால் 1954-ல் இத்தாலியின் 'லா குச்சீனா இதாலியானா' பத்திரிகையில் வந்த கார்போனாரா செய்முறையில் பூண்டு இருந்தது, சுவிட்சர்லாந்தின் க்ரூயேர் சீஸ் இருந்தது. பேர்போன இத்தாலிய செஃப் குவால்தியேரோ மார்கேசி 1989-ல் கிரீமே சேர்த்திருக்கிறார்! ஆக நான் அப்பாவிடம் அடித்துப் பேசிய 'ஒரிஜினல்' என் அப்பாவை விட வயதில் சின்னது.

அப்படியானால் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது. 2014-ல் நடந்த ஒரு விஷயத்தில் அது எனக்குப் பிடிபட்டது.

ஆலிவ் கார்டன் அமெரிக்காவின் பெரிய இத்தாலியன் செயின். 1982-ல் ஃபுளோரிடாவில் ஆரம்பித்தது. அதை நடத்தும் டார்டன் கம்பெனியில் பங்கு வைத்திருந்த ஸ்டார்போர்ட் வேல்யூ என்ற முதலீட்டு நிறுவனம், நிர்வாகம் சரியில்லை என்று கிட்டத்தட்ட 300 பக்கத்துக்கு ஒரு அறிக்கை விட்டது. அதில் ஒரு குற்றச்சாட்டு: பாஸ்தா வேகும் தண்ணீரில் உப்பே போடுவதில்லை. காரணம் என்ன தெரியுமா? உப்புப் போட்டால் பாத்திரத்துக்கான வாரண்டி காலம் குறையுமாம்!

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் உப்பு, 100 கிராம் பாஸ்தா என்பது இத்தாலிய வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. வேகும்போது உள்ளே போகாத உப்பை அப்புறம் மேலே தூவி ஈடுகட்ட முடியாது. அந்த உப்பைக் கணக்குப் புத்தகம் நிறுத்திவிட்டது. வேடிக்கை என்னவென்றால் அதைக் கண்டுபிடித்து ஊருக்குச் சொன்னதும் லாபம் பார்க்க வந்த இன்னொரு கணக்குப்பிள்ளைதான். அந்த அக்டோபரில் பங்குதாரர்கள் ஓட்டுப் போட்டு போர்டின் 12 இடங்களையும் ஸ்டார்போர்ட் தரப்புக்கே கொடுத்தார்கள்.

எனக்குப் புரிந்தது இதுதான். கிரீம் போடுவது பாவமில்லை. அமெரிக்கா போன இத்தாலிய அம்மாக்களும் கையில் கிடைத்ததைப் போட்டுத்தான் சமைத்தார்கள். தட்டில் என்ன விழ வேண்டும் என்பதைச் சாப்பிடுகிறவனின் நாக்கு முடிவு செய்கிறதா, வாரண்டி கார்டு முடிவு செய்கிறதா என்பதுதான் கேள்வி.

ஆனால் இந்தக் கேள்வியைக் கடைக்காரனிடம் கேட்கவேண்டும், சாப்பிடுகிறவரிடம் கேட்கக்கூடாது. 2012-ல் மேரிலின் ஹாகர்ட்டி என்ற 85 வயதுப் பாட்டி, அமெரிக்காவில் கிராண்ட் ஃபோர்க்ஸ் என்ற சின்ன ஊரின் பத்திரிகையில், புதிதாக வந்த ஆலிவ் கார்டனில் சிக்கன் ஆல்ஃப்ரெடோ சாப்பிட்டதைப் பாராட்டி எழுதினார். இணையமே கூடி நின்று சிரித்தது. உலகம் சுற்றிய செஃப் ஆந்தனி போர்டெய்ன் பாட்டி பக்கம் நின்றார். சொல்லோடு விடாமல் அவருடைய ஹோட்டல் விமர்சனங்களைத் தொகுத்து 2013-ல் புத்தகமாகவே கொண்டுவந்தார். அதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. நான் போர்டெய்ன் பக்கம் இல்லை, சிரித்த கும்பலில் நின்றிருந்தேன். அதுவும் சொந்த அப்பாவைப் பார்த்து.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நானே செய்தேன். தண்ணீரில் கணக்காக உப்பு, வெண்ணெய், சம்பளத்தில் ஒரு பங்கைத் தின்ற சீஸ். அப்பா சமையலறை வாசலில் வந்து நின்றார். கிளறிக்கொண்டே அந்த வாரண்டி கதையைச் சொன்னேன்.

"தேயக்கூடாதுன்னா மிஷினை ஓட்டாமத்தான் வெச்சிருக்கோணும். அப்பறம் எதுக்கு வாங்கறது?" என்றார்.

நான் ஒரு செமஸ்டர் படித்தும் இவ்வளவு சுருக்கமாக எழுதியதில்லை.

சாப்பிட்டார். தட்டை வழித்தார். "நல்லாத்தான் இருக்குது. ஆனா அன்னைக்குத் தின்னமே, அது இன்னுங் கொஞ்சம் நல்லாருந்துச்சு அம்மணி."

இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த சம்பளம் 7-ஆம் தேதி. இரண்டு தட்டாகவே சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன்.