எல். க்யூ. சி. லமார்: குறிப்பேட்டிலிருந்து

முழுப்பெயர் லூசியஸ் க்விண்டஸ் சின்சினாட்டஸ் லமார். 1825இல் ஜார்ஜியாவில் பிறந்தவர். அப்பாவுக்கும் அதே பெயர்தான். சரித்திரப் பைத்தியம் பிடித்த உறவுக்காரப் பெரியவர் ஒருவரிடம் அந்தக் குடும்பம் பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கும் வேலையை விட்டிருந்தது. ஒரு சித்தப்பா மிராபோ பியூனபார்ட் லமார்; டெக்ஸாஸ் தனிக் குடியரசாக இருந்தபோது அதன் இரண்டாவது ஜனாதிபதி. இன்னொரு சித்தப்பா லவாய்சியர் லெக்ராண்ட். வீட்டுத் திண்ணையிலிருந்து யாரைக் கூப்பிட்டாலும் ஒரு பாடப்புத்தகம் எழுந்து வந்திருக்கும்.

அப்பா நீதிபதி. 1834 ஜூலை 4 அன்று தற்கொலை செய்துகொண்டார். மகனுக்கு அப்போது எட்டு வயது.

*

மாமனார் அகஸ்டஸ் பால்ட்வின் லாங்ஸ்ட்ரீட் வக்கீல், நீதிபதி, பாதிரியார், நகைச்சுவை எழுத்தாளர், கல்லூரித் தலைவர் எல்லாமாக இருந்தவர். அவர் மிஸிஸிப்பி பல்கலைக்கழகத்துக்குத் தலைவராகப் போக, மருமகனும் பின்னாலேயே அது இருந்த மிஸிஸிப்பி ஊரான ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனார். அங்கே கணக்கு வாத்தியார் வேலை, பக்கத்தில் வக்கீல் தொழில். கொஞ்ச காலம் ஜார்ஜியாவுக்குத் திரும்பி அங்கே சட்டமன்றம், மறுபடி மிஸிஸிப்பி. 1857இல் அமெரிக்கக் காங்கிரஸ். நடுவில் அடிமைகளை வைத்து நடத்திய பருத்தித் தோட்டம். அந்தக் காலத் தென்பகுதி வக்கீலின் வழக்கமான பாதைதான். இதில் வியக்க ஒன்றுமில்லை.

*

1861 ஜனவரி 9. மிஸிஸிப்பி ஒன்றியத்தை விட்டு விலகுவதென 84க்கு 15 என்ற வாக்கில் முடிவானது. அந்த விலகல் தீர்மானத்தை எழுதிய கை லமாருடையது. எதற்காக விலகினோம் என்று அதே மாநாடு வெளியிட்ட அறிக்கை சுற்றி வளைக்கவில்லை, அடிமை முறைக்காக என்று முதலிலேயே சொல்லிவிடுகிறது. ‘மாநில உரிமைக்காகத்தான் போர்’ என்று பின்னால் பேசியவர்கள் இதைப் படித்தார்களா என்று தெரியவில்லை. படித்திருப்பார்கள்.

*

போரில் அவர் 19ஆவது மிஸிஸிப்பி ரெஜிமெண்ட். 1862 மே மாதம் வில்லியம்ஸ்பர்க் சண்டையில் கர்னல் சாக, தலைமை இவர் கைக்கு வந்தது. சில நாட்களிலேயே தலைசுற்றல் வந்து விழுந்தார். வாழ்நாள் முழுக்க விடாத நோய் அது. படையை விட்டவரை ரஷ்யாவுக்குத் தூதராக அனுப்பினார்கள். லண்டன், பாரிஸ் வரை போனார். ரஷ்யாவில் கால் வைக்கவில்லை. தென் கூட்டமைப்பின் செனட் அந்த நியமனத்தை ஏற்கவேயில்லை. லண்டனில் எதிரணித் தூதரின் மகன் ஹென்றி ஆடம்ஸ். பிற்காலத்தில் வாஷிங்டனில் இருவரும் நண்பர்கள். தெற்கு தன் லண்டன் வேலைக்கு இந்த மனிதரை வைத்திருக்கவேண்டும் என்று ஆடம்ஸ் தன் சுயசரிதையில் எழுதுகிறார். எதிரி தரும் நற்சான்றிதழுக்கு மதிப்பு அதிகம்.

*

1871இல் நடந்த ஒன்றை லமாரைப் புகழ்பவர்கள் வேகமாகத் தாண்டிப் போகிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் கு க்ளக்ஸ் கிளான் வழக்குகள் நடந்துகொண்டிருந்த நேரம். நீதிபதி முன்னிலையிலேயே லமார் ஒரு மார்ஷலைக் கையால் அடித்துவிட்டார். பிறகு மன்னிப்புக் கேட்டார், விஷயம் முடிந்தது.

பத்தொன்பது வருடம் கழித்து, 1890இல், உச்ச நீதிமன்ற நீதிபதி லமாரின் முன்னால் இன்னொரு மார்ஷல் வழக்கு வந்தது. கலிஃபோர்னியாவின் முன்னாள் தலைமை நீதிபதி டேவிட் டெர்ரி ஒரு ரயில் நிலையச் சாப்பாட்டுக் கூடத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்டீவன் ஃபீல்டை அடிக்க, ஃபீல்டுக்குக் காவலாக வந்த துணை மார்ஷல் நீகல் டெர்ரியைச் சுட்டுக் கொன்றார். நீகலை மாநிலம் கொலைக் குற்றத்துக்கு விசாரிக்கலாமா? கூடாது என்றது பெரும்பான்மை. விசாரிக்கலாம் என்றார் லமார். நீதிபதிக்கு இப்படிக் காவல் கொடுக்கக் காங்கிரஸ் சட்டம் எதுவும் இயற்றவில்லை என்பது அவர் வாதம். தலைமை நீதிபதி ஃபுல்லர் மட்டும் கூட நின்றார். வாதம் பலவீனமானதல்ல. ஆனாலும் கூட்டாட்சியின் மார்ஷலிடம் அவருக்கு எந்தக் காலத்திலும் பிரியம் இருந்ததில்லை என்று நினைத்துக்கொள்வதை என்னால் தவிர்க்க முடியவில்லை.

*

இனி முக்கியமான விஷயம்.

1874 மார்ச்சில் மாசசூசெட்ஸ் செனட்டர் சார்லஸ் சம்னர் இறந்தார். அடிமை முறையின் தீராப் பகைவர். 1856இல் செனட் அவையிலேயே ஒரு தென்கரோலினா உறுப்பினரிடம் கைத்தடியால் அடிவாங்கியவர். ஏப்ரல் 27 அன்று கீழவையில் அவருக்கு இரங்கலுரை சொல்ல எழுந்தவர், விலகல் தீர்மானத்தை எழுதிய அதே லமார். சம்னரைப் பாராட்டினார், வடக்கும் தெற்கும் ஒருவரையொருவர் அறிந்துகொண்டால் அன்பும் வரும் என்று முடித்தார். அவையில் பலர் அழுதார்கள். ஒரே நாளில் நாடறிந்த மனிதரானார். அந்தப் பேச்சில் பொய் இல்லை என்றே நம்புகிறேன்.

அடுத்த ஆண்டு, 1875, மிஸிஸிப்பித் தேர்தல். மாநிலத்தில் கறுப்பின மக்களே பெரும்பான்மை. ஆளுநர் அடெல்பர்ட் ஏம்ஸ், மெய்ன் மாநிலத்திலிருந்து வந்த ஒன்றியப் படைத் தளபதி. செப்டம்பரில் கிளிண்டன் என்ற ஊரில் குடியரசுக் கட்சிக் கூட்டத்தில் துப்பாக்கிச் சூடு, தொடர்ந்து பல நாள் ஆள் தேடிக் கொலை. ஏம்ஸ் படை கேட்டார், வாஷிங்டன் கைவிரித்தது. குடியரசுக் கட்சி அசைக்கமுடியாமல் இருந்த யாஸூ கவுண்டியில் அந்தத் தேர்தலில் அக்கட்சிக்கு விழுந்தவை 7 ஓட்டுகள். லமார் துப்பாக்கி எடுக்கவில்லை. ஊர் ஊராகப் போய்த் தன் ஜனநாயகக் கட்சிக்காகப் பேசினார். அந்த வெற்றியில் வந்த சட்டமன்றம் 1876 ஜனவரியில் அவரை செனட்டராக்கியது. மார்ச்சில், பதவிநீக்க விசாரணை தலைக்கு மேல் தொங்க, ஏம்ஸ் விலகினார்.

இரண்டு லமார்கள் இருந்தார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள், நல்லவர் ஒருவர், தந்திரக்காரர் ஒருவர் என்று. எனக்கு ஒருவர்தான் தெரிகிறார். வடக்கு வெள்ளையரும் தெற்கு வெள்ளையரும் சமாதானமாகவேண்டும் என்று உண்மையாகவே விரும்பினார். சமாதானமானால் வடக்கு தன் படையை அனுப்பாது. படை வராவிட்டால் மிஸிஸிப்பியில் யார் ஓட்டுப் போடுவது என்பதை மிஸிஸிப்பியின் வெள்ளையர்களே பார்த்துக்கொள்வார்கள். இரங்கலுரையில் பேசிய அன்பு வந்து சேர்ந்த இடம் யாஸூ.

*

அவருடைய துணிச்சலுக்கு உண்மையான சான்று 1878இன் வெள்ளி மசோதா. கடனில் மூழ்கிய மிஸிஸிப்பி விவசாயிகளுக்கு வெள்ளி நாணயம் வேண்டும். ஆதரித்து ஓட்டுப் போடு என்று சட்டமன்றம் ஆணையே அனுப்பியது. லமார் அந்த ஆணையை அவையில் வாசிக்கச் செய்து, எதிர்த்து ஓட்டளித்தார். ஊரில் பெருங்கோபம். ஊர் ஊராகப் போய் விளக்கினார், ஜனங்கள் மன்னித்து மறுபடி அனுப்பினார்கள். பேச்சாளர்களுக்கே வாய்க்கும் அதிர்ஷ்டம்.

*

1885இல் ஜனாதிபதி கிளீவ்லண்டின் உள்துறைச் செயலாளர். வந்த மாதமே வம்பு: முன்னாள் உள்துறைச் செயலாளர் ஜேக்கப் தாம்ப்ஸன் இறந்ததும் அலுவலகத்தை மூடிக் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டார். தாம்ப்ஸனும் ஆக்ஸ்ஃபோர்டுக்காரர், போரின்போது கனடாவில் தெற்கின் ரகசிய வேலைகளைப் பார்த்தவர். வடக்குப் பத்திரிகைகள் கொதித்தன. செவ்விந்தியரின் பொது நிலங்களைத் தனித்தனித் துண்டாக்கிய 1887 டாஸ் சட்டமும் இவர் காலத்தில்தான். யெல்லோஸ்டோனில் ஓநாய் பார்க்கப் போகிறவர்கள் நிற்கும் லமார் பள்ளத்தாக்குக்கு இவர் பெயர்தான்.

*

உச்ச நீதிமன்றம். 62 வயது, நீதிபதியாக ஒருநாள்கூட இருந்ததில்லை, போதாக்குறைக்குத் தெற்குப் படையின் கர்னல். 1888 ஜனவரி 16 அன்று 32க்கு 28 என்று தப்பிப் பிழைத்தார். தென் கூட்டமைப்புக்காரர் ஒருவர் அந்த நீதிமன்றத்தில் அமர்ந்தது அதுவே முதல்முறை. ஐந்தாண்டுகளில் நினைவில் நிற்பது கிட் எதிர் பியர்சன் தீர்ப்பு: பொருளை உற்பத்தி செய்வது வேறு, வணிகம் வேறு. அயோவாவின் மதுவிலக்குச் சட்டத்தைக் காப்பாற்றச் சொன்ன இந்த வாதம் 1895இல் சர்க்கரை ஏகபோக நிறுவனத்தைக் காப்பாற்றப் பயன்பட்டது. இன்னொன்று 1890இல். கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் ரயிலில் தனிப் பெட்டி வேண்டும் என்ற மிஸிஸிப்பிச் சட்டம் செல்லும் என்றது நீதிமன்றம். எதிர்த்தவர்கள் ஹார்லனும் பிராட்லியும். லமார் பெரும்பான்மையோடு. பெட்டி பிரிக்கப்பட்டது சொந்த மாநிலத்தில், ஒரு வரி தனியாக எழுதவில்லை.

1893 ஜனவரியில் ஜார்ஜியாவில் இறந்தார். மறு ஆண்டு உடலை ஆக்ஸ்ஃபோர்டுக்கு மாற்றினார்கள். எழுத்தாளர் ஃபாக்னர் இருப்பதும் அதே கல்லறைத் தோட்டத்தில்.

*

ஜான் கென்னடியின் பெயரில் 1956இல் வந்து புலிட்சர் வாங்கிய ‘துணிச்சலின் முகங்கள்’ நூலில் எட்டு செனட்டர்கள். அவர்களில் லமாரும் ஒருவர். சம்னர் உரையும் வெள்ளி மசோதாவும் விரிவாக வருகின்றன. ஏம்ஸ் கொடுங்கோலராக, வந்தேறியாக ஒரு சில வரிகளில் போய்விடுகிறார். ஏம்ஸின் மகள் பிளான்ச் ஏம்ஸ் அப்போது உயிரோடு இருந்தார். ஓவியர், பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடியவர். என் அப்பாவைப் பற்றி எழுதியதைத் திருத்து என்று கென்னடிக்குக் கடிதம் மேல் கடிதம். கென்னடி ஜனாதிபதியான பிறகும் கடிதங்கள் நிற்கவில்லை. கடைசியில் அவர் வெள்ளை மாளிகையில் பிளான்ச்சின் பேரன் ஜார்ஜ் பிளிம்டனைப் பிடித்து, பாட்டியிடம் கொஞ்சம் சொல்லக்கூடாதா என்று கேட்டாராம். பாட்டி கேட்கவில்லை. அப்பாவின் வரலாற்றைத் தானே உட்கார்ந்து எழுதினார். தடிமனான புத்தகம், 1964இல் வெளிவந்தது; அவருக்கு வயது 86.