உள்விளிம்பு

பெரிய வண்டி எதையும் தாங்கும் என்றொரு நம்பிக்கை எங்கள் பக்கத்தில் உண்டு. திட்டக்குடியிலிருந்து கிழக்கே பெண்ணாடம் வழியாக விருத்தாசலத்துக்கும், மேற்கே தொழுதூரில் திருச்சி நெடுஞ்சாலைக்கும் போய்வரும் பொலீரோக்களையும் ஸ்கார்ப்பியோக்களையும் பார்த்துப் பார்த்து ஊறிய நம்பிக்கை அது. எங்கள் வீட்டிலும் ஒரு எஸ்.யூ.வி. இருக்கிறது. மாதம் இருமுறை அம்மாவைச் சிகிச்சைக்காகப் புதுச்சேரிக்கு அழைத்துச் செல்ல அதைத்தான் நம்பியிருக்கிறோம்.

40,000 கிலோமீட்டராவது உழைக்கும் என்று நாங்கள் எண்ணியிருந்த முன்சக்கர டயர்கள் 18,000 கிலோமீட்டரிலேயே தேய்ந்துபோயின. நின்று பார்த்தால் குறை தெரியாது. வெளிவிளிம்பில் பூவேலை புதிதுபோல் இருந்தது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துவைத்துக் குனிந்து பார்த்தபோதுதான் உள்விளிம்பு வழுக்கையாகியிருந்தது தெரிந்தது. டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் உண்டு. அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். தேய்மானம் அந்த மேட்டைத் தொட்டுவிட்டால் டயரின் சட்டப்படியான ஆயுள் முடிந்தது என்று பொருள். மழைச்சாலையில் நீரை விலக்கிப் பிடிமானம் தருபவை அந்தப் பள்ளங்களே. அவை இல்லாத டயரில்தான் அம்மாவை அழைத்துப் போய்வந்துகொண்டிருந்தோம் என்று அறிந்தபோது வயிற்றைப் பிசைந்தது.

சாலை மோசம் என்றார் ஒருவர். டயரே மட்டம், ஜோடியை மாற்றிவிடுங்கள் என்றார் இன்னொருவர். மூன்றாவதாக வந்து பார்த்த முதிய மெக்கானிக் ஒன்றும் சொல்லாமல் உள்ளங்கையை டயரின் மேல் குறுக்கே ஓட்டினார். ஒரு திசையில் வழுவழுவென்று போன கை, எதிர்த்திசையில் ரம்பத்தின் பல்போல் சொரசொரத்தது. "டயரு மேல குத்தமில்லீங்க. உருளாம இழுபட்டுப் போயிருக்குது" என்றார்.

இரண்டே சொற்களில் அவர் சொல்லிவிட்டதை விரித்தால் இப்படி வரும். மேலிருந்து பார்க்கையில் முன்சக்கரங்கள் ஏறத்தாழ இணையாக இருக்க வேண்டும். அந்தக் கோணத்தை 'டோ' என்பார்கள். ஒரு சக்கரம் தன் பாதையிலிருந்து அரைப் பாகை விலகியிருந்தாலே, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 9 மீட்டர் அளவுக்குப் பக்கவாட்டில் உரசுகிறது. 18,000 கிலோமீட்டருக்கு அது 150 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். சக்கரங்கள் வெளிநோக்கித் திரும்பியிருந்தால் தேய்வது உள்விளிம்பு. எங்கள் வண்டியில் நேர்ந்தது அதுதான். சமநிலை தவறிய சக்கரமாவது ஸ்டியரிங்கை நடுங்கவைத்து எச்சரிக்கும். 'டோ' பிசகிய சக்கரம் பெரும்பாலும் சத்தமின்றித் தின்றுகொண்டே போகும்.

காரணம் டை ராட் எண்டில் இருந்தது. ஸ்டியரிங்கின் கட்டளையைச் சக்கரத்துக்குக் கொண்டுசேர்க்கும் அந்தச் சிறு மூட்டு தளர்ந்திருந்தது. முதலில் அதை மாற்றி, பிறகுதான் வீல் அலைன்மெண்ட் பார்க்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாகச் சொன்னார். ஆடுகிற மூட்டை வைத்துக்கொண்டு கோணத்தைத் திருத்தினால் அது நிலைக்காது. டயரை மட்டும் மாற்றினால் புது ஜோடியும் அதே விதியைத்தான் அடையும்.

எங்கள் நடுநாட்டின் கண்மணி குணசேகரன் அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்தவர். அத்தொழிலாளரின் உலகம் அவருடைய 'நெடுஞ்சாலை' நாவலில் இருக்கிறது. கிரீஸ் படிந்த கைகளுக்குள் எவ்வளவு அறிவு இருக்கிறது என்பதை வாசகர்களாக நாங்கள் முன்பே அறிந்திருந்தோம். அந்த அறிவு எங்கள் உயிரையும் காக்கும் என்பது மட்டும் புதிது. தேய்ந்ததைப் பழிப்பது எளிது. அதைத் தேய வைத்தது எது என்று கேட்கத்தான் ஓர் அனுபவம் வேண்டியிருக்கிறது.

இப்போது ஒவ்வொரு நீண்ட பயணத்துக்கு முன்பும் ஸ்டியரிங்கை ஒடித்து உள்விளிம்பில் கைவைத்துப் பார்க்கிறோம். இரண்டு நிமிடம்கூட ஆவதில்லை. வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் இன்றைக்கே ஒருமுறை அப்படிச் செய்து பார்க்கலாம்.