பின்னால் வருகிறவருக்காக

காருக்கென்று நாம் என்னென்ன வாங்கிப் போடுகிறோம் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மெத்தென்ற இருக்கை உறை, வெயில் படாமலிருக்கக் கண்ணாடியில் கறுப்புத் தாள், முன்னால் ஒரு பிள்ளையார், அவருக்குப் பக்கத்தில் வாசனைப் புட்டி, கைப்பேசியை மாட்ட ஒரு கொக்கி. எல்லாமே உள்ளே உட்கார்ந்திருக்கிற நமக்குத்தான். காசு கொடுத்து வாங்குவது நாமாக இருந்தும், பெரும் பலன் முகம் தெரியாத இன்னொருவருக்குப் போய்ச் சேருகிற பொருள் ஒன்று உண்டு. சக்கரத்துக்குப் பின்னால் தொங்குகிற மட் ஃபிளாப். சேற்றையும் சிறு கல்லையும் தடுக்கிற அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் துண்டு.

காலை 6 மணிக்கு ஒலிவாங்கியின் முன் உட்காருகிற வேலை எனக்கு. மழை நாளென்றால் நேயர்களின் செய்திகள் வரிசையாக வந்து விழும். "கூட்டரசு நெடுஞ்சாலையில் ஊர்ந்து போகிறோம்", "எங்கள் தாமான் வாசலில் தண்ணீர் ஏறிவிட்டது", "பாலத்துக்கு அடியில் மோட்டார்காரர்கள் ஒதுங்கி நிற்கிறார்கள், பார்த்து வரச் சொல்லுங்கள்." இந்தக் கடைசிச் செய்தி வரும்போதெல்லாம் பாட்டை நிறுத்திவிட்டுப் படிப்பேன். நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970-களிலிருந்து மோட்டாருக்கென்று தனிப்பாதை இருக்கிறது. எல்லாச் சாலைகளுக்கும் அந்தப் பாக்கியம் இல்லை. கிள்ளானிலிருந்து காப்பார், ஜெராம் வழியாகக் கோலசிலாங்கூர் போகிற பழைய சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரியும், அவசரக் காரும், ஓரமாகப் போகிற மோட்டாரும் பல இடங்களில் ஒரே தடத்தைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன.

அந்தச் சாலையில்தான் சென்ற அக்டோபரில் அப்பா விழுந்தார்.

அப்பாவுக்கு 67 வயது. தோட்டத்தில் 31 வருடம் வேலை. பால்மரம் வெட்டிய காலத்தில் சைக்கிள், செம்பனை வந்த பிறகு மோட்டார். ஓய்வு பெற்ற பிறகும் கோயில், சந்தை, நண்பர்கள் வீடு, சாவு வீடு என்று எங்கு போவதானாலும் அந்த மோட்டார்தான். அன்றைக்கு மழை விட்டு அரை மணி நேரம் ஆகியிருக்கிறது. தோட்டத்துச் செம்மண் பாதையிலிருந்து வெளியேறிய லோரிகள் தார்ச்சாலையில் சேற்றை அப்பிவிட்டுப் போயிருந்தன. ஒரு கார் அப்பாவை முந்தி, முந்திய வேகத்திலேயே அவருக்கு முன்னால் வந்தது. அதன் பின்சக்கரம் கிளப்பிய சேறு தலைக்கவசத்தின் கண்ணாடியை முழுக்க மூடியது.

"இருட்டு ரூமுக்குள்ள தள்ளிக் கதவச் சாத்துன மாதிரி இருந்துச்சும்மா" என்றார் அப்பா. கையால் துடைத்திருக்கிறார். சேறு இழுபட்டு இன்னும் மோசமாகியிருக்கிறது. மோட்டார் சாலையோரப் புல்லில் இறங்கி, கால்வாய்க்குச் சற்று முன்னால் சாய்ந்தது. இடது காறை எலும்பில் முறிவு. கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டு ஆறு வாரம்.

அந்தக் கார் நிற்கவே இல்லை. மருத்துவமனையில் நான் கொதித்துக்கொண்டிருந்தேன். கேமராப் பதிவு கிடைக்குமா, புகார் கொடுக்கலாமா என்று பேசிக்கொண்டே போனேன். அப்பா கட்டிலில் படுத்தபடி, "அவனுக்குத் தெரிஞ்சே இருக்காதும்மா. முன்னாடி பாத்து ஓட்டுறவனுக்குப் பின்னாடி என்ன நடக்குதுன்னு என்னா தெரியும்?" என்றார்.

கோபம் அடங்க எனக்குச் சில நாள் ஆனது. அந்த வாக்கியம் மட்டும் தங்கிவிட்டது. ஒருவர் கீழே விழுந்து எலும்பு முறிந்து கிடக்கிறார். அதற்குக் காரணமானவர் வானொலியில் பாட்டுக் கேட்டுக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார். அந்தப் பாட்டை ஒலிபரப்பியது என் நிலையமாகக்கூட இருந்திருக்கலாம்.

சேறு எப்படிப் பறக்கிறது என்பதை யோசித்தால் விஷயம் எளிது. கார் முன்னே போகும்போது டயரின் பின்பக்கம் தரையிலிருந்து மேல்நோக்கி எழுகிறது. பள்ளங்களில் ஒட்டிய சேறும் தண்ணீரும் சிறு கல்லும் அங்கிருந்துதான் விடுபட்டு மேலே வீசப்படுகின்றன. பின்னால் வருகிற மோட்டாரோட்டி நேராக அதற்குள் நுழைகிறார். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற மோட்டார் ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கும். கண்ணாடியைத் துடைக்க 2 விநாடி என்று வைத்துக்கொண்டால், 30 மீட்டருக்கும் மேல் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம். டயர் கிளப்புவதில் பெரும்பகுதியை அங்கேயே வாங்கிக் கீழே தள்ளுவதுதான் மட் ஃபிளாப் செய்கிற வேலை.

அப்பாவின் கைக்கட்டு அவிழ்ந்த வாரம் என் காருக்கு ஒரு ஜோடி அல்ல, நான்கு சக்கரத்துக்குமாக ஒரு செட் வாங்கினேன். எல்லா ரகக் காருக்கும் பொருந்தும் என்று விற்கிற தட்டையான வகை விலை குறைவு. நம் காரின் ரகத்துக்கென்றே அச்சில் வார்த்த வகை கொஞ்சம் கூடுதல். உடலின் வளைவோடு ஒட்டி உட்காருவதால் இரண்டாவதையே எடுத்தேன். 65 வெள்ளி. மாட்டிக் கொடுக்க 30 வெள்ளி என்றார் ஸ்பேர்பார்ட்ஸ் கடைக்காரர். கைப்பேசியில் அப்பாவிடம் சொன்னேன். "எதுக்கு? ஞாயித்துக்கெழம வீட்டுக்குக் கொண்டா" என்றார். இரண்டு மாதமாகச் சும்மா உட்கார்ந்திருந்த மனிதரின் குரலில் அன்றுதான் பழைய சுருதி கேட்டது. மறுபேச்சுப் பேசவில்லை.

ஞாயிறு காலை. அப்பா முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். தோள் இன்னும் முழுதாக எழும்பாததால் சொல்வது அவர், செய்வது நான். பக்கத்து வீட்டுப் பாக்சிக் தம்முடைய பேட்டரி டிரில்லைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வேலி ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்.

காரைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் இழுத்து, பின்சக்கரத்துக்குக் கல் வைத்தோம். முன்சக்கரத்துக்கு ஜாக் தேவைப்படவில்லை. வேலை செய்கிற பக்கம் பார்த்து ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் டயரின் பின்விளிம்பு உள்ளே போய்விடும். கையும் திருப்புளியும் நுழைய இடம் கிடைக்கும். பிறகு சுத்தம் செய்யும் வேலை. சக்கர வளைவின் உள்விளிம்பில் விரலை விட்டால் மாதக்கணக்கில் சேர்ந்த மண் உதிர்ந்தது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டோம். "மண்ணு மேல மாட்டுனா அது மண்ணுக்கு மாட்டுன மாதிரி" என்றார் அப்பா.

பல கார்களில் சக்கர வளைவின் பிளாஸ்டிக் உறையைப் பிடித்திருக்கும் திருகுகளும் கிளிப்புகளும் ஏற்கெனவே அந்த இடத்தில் இருக்கும். அவற்றைக் கழற்றி, மட் ஃபிளாப்பை வைத்து, அதே துளைகளில் திரும்ப முடுக்கலாம். எல்லாத் திருகையும் முதலில் விரலால் மட்டும் பிடிக்கவிட்டு, எட்டி நின்று நேராக இருக்கிறதா என்று பார்த்த பிறகே இறுக்க வேண்டும். ஒன்றை மட்டும் முதலிலேயே இறுக்கினால் மற்றது துளையோடு சேராது. புதுத் துளை போட வேண்டிய இடத்தில் அப்பா என் கையை நிறுத்தினார். "பின்னாடி என்னா இருக்குன்னு பாத்தியா?" உறையைச் சற்று விலக்கி, ஒயரோ குழாயோ இல்லை என்று காட்டிய பிறகுதான் சம்மதித்தார். கூடுமானவரை பிளாஸ்டிக்கில் மட்டுமே துளை. தகட்டில் போட்டே ஆகவேண்டுமென்றால் துளையின் விளிம்புக்குத் துருப்பிடிக்காத பெயின்ட் தொட்டுவைக்க வேண்டும். நம் மழைக்கும் ஈரத்துக்கும் திருகும் வாஷரும் எவர்சில்வரில் இருப்பது நல்லது.

இறுக்கும்போது அப்பா வலது கையை நீட்டித் திருகின் தலையைத் தொட்டுப் பார்த்தார். "போதும். இன்னும் திருகுனா பிளாஸ்டிக் பொளந்துரும்." பிறகு ஸ்டியரிங்கை இடமும் வலமும் கடைசிவரை திருப்பி, டயர் எங்கும் உரசவில்லை என்று பார்த்துக்கொண்டோம்.

பின்சக்கரங்கள் திரும்பாது. இடுக்கில் குட்டைத் திருப்புளியால்தான் வேலை. ஜாக் வைத்துச் சக்கரத்தைக் கழற்றினால் எளிதாக இருக்கும். ஆனால் எங்களிடம் தாங்கி நிறுத்தும் ஸ்டாண்டு இல்லை. வெறும் ஜாக்கை நம்பிக் காருக்கு அடியில் யாரும் கைகூட நீட்டக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை. அதனால் மூன்றாவது சக்கரத்தில் நேரம் இழுத்தது. அந்த நேரத்தில்தான், பல நாளாகத் தள்ளிப்போட்ட பேச்சை எடுத்தேன்.

"அப்பா, தம்பி பேசுனான். மோட்டாருக்கு ஆள் பாத்துருக்கானாம். நல்ல வெல தர்றாங்களாம்."

அப்பா உடனே பதில் சொல்லவில்லை. கையிலிருந்த வாஷரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீ கிள்ளான்ல இருக்க. அவன் ஜொகூர்ல இருக்கான். நான் கோயிலுக்குப் போறது யார் கார்ல?"

"கேட்டா யாரும் வருவாங்கப்பா. போன் பண்ணா வாடகைக் காரும் வரும்."

"வருவாங்கம்மா. இல்லன்னு சொல்லல. ஆனா கேட்டுக் கேட்டுப் போறது, போற மாதிரியே இல்ல."

தினமும் நான்கு மணி நேரம் பேசிப் பிழைக்கிறவளுக்கு அங்கே ஒரு வார்த்தையும் வரவில்லை. விற்கச் சொல்கிற எங்கள் பயம் நியாயமானது. அவருடைய பதிலும் நியாயமானது. இத்தனை வருடம் விடியற்காலை இருட்டில் தானே கிளம்பி, தானே திரும்பி வந்த மனிதரிடம், இனி யாராவது வந்து ஏற்றிப் போகும்வரை வாசலில் உட்காருங்கள் என்று எப்படிச் சொல்வது?

நான்காவது சக்கரம் முடிவதற்குள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். மழை விட்ட உடனே பெரிய ரோட்டில் ஏறுவதில்லை. சேறு காயும்வரை காத்திருப்பது. இருட்டிய பிறகு ஓட்டுவதில்லை. கீறல் விழுந்த பழைய தலைக்கவசத்தை வீசிவிட்டுப் புதியது. தூரத்திலேயே தெரியும்படி ஒளிரும் மேற்சட்டை. மேற்சட்டைக்கு மட்டும் கொஞ்சம் முகம் சுளித்தார். "ரோட்டு வேலைக்காரன் மாதிரி இருக்கும்" என்றார். பாக்சிக் வேலிக்கு அப்பாலிருந்து, தம்மிடம் இரண்டு இருப்பதாகச் சொன்னார். தம்பியிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்றேன்.

இந்தத் துண்டுப் பிளாஸ்டிக் எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. குளமாகத் தேங்கிய தண்ணீரில் வேகமாகப் புகுந்தால் பக்கவாட்டில் அடிக்கிற அலையை எந்தத் தடுப்பும் நிறுத்தாது. அதற்குக் கால்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும். மோட்டாரை முந்திய பிறகு போதிய இடைவெளி விட்டுத்தான் அவர் தடத்துக்குள் வரவேண்டும். மாட்டியதோடு வேலை முடிவதும் இல்லை. உட்பக்கம் சேறு தேங்கினால் ஈரம் நின்று துருப்பிடிக்கும். கார் கழுவும்போது அங்கேயும் தண்ணீர் அடித்துவிடுங்கள். ஓடுகிற அதிர்வில் திருகுகள் இளகும் என்பதால், ஒரு வாரம் கழித்து மறுபடி ஒருமுறை இறுக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு, அப்பாவிடமிருந்து அழைப்பு.

"ஒரு வாரம் ஆச்சே, ஸ்க்ரூவ இறுக்குனியா?"

"காலையிலேயே இறுக்கிட்டேன்பா. நாலும்."

ஒலியோடு புழங்குகிற தொழில் என்பதால் பேச்சுக்குப் பின்னால் கேட்கிற சத்தத்தின் மீதும் எனக்கு ஒரு காது இருக்கும். கோப்பையும் தட்டும் உரசுகிற சத்தம், யாரோ தேத்தண்ணி கேட்கிற குரல், ஓடுகிற தொலைக்காட்சி. அவர் வழக்கமாகப் போகும் சாப்பாட்டுக் கடை. வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர். நடந்து போயிருக்க மாட்டார்.

எப்படிப் போனீர்கள் என்று நான் கேட்கவில்லை. "அங்க மழையாப்பா?" என்று மட்டும் கேட்டேன்.

"இல்லம்மா. ரோடு நல்லாக் காஞ்சு கெடக்கு" என்றார்.