தம்பானூரிலிருந்து மூணாற்றுக்கு ஆறு நாள்

தம்பானூரில் குடியிருக்கும் நம்மவர்களின் நிலை சற்று விசித்திரமானது. ஒரு பக்கம் இரயில் நிலையம், அதற்கு நேரெதிரே பேருந்து நிலையம். ஊர் உலகமெல்லாம் நம் வாயிற்படியைக் கடந்தே போய் வருகிறது. நாமோ எங்கும் போவதில்லை. போனால் நாகர்கோவில், திருநெல்வேலி, கோவில்பட்டி; அதுவும் கல்யாணம், கோயில் கொடை, துக்கம் ஆகிய மூன்றில் ஒன்றை முன்னிட்டுத்தான். பிறர் கடல் கடந்து வந்து பார்த்துச் செல்லும் இந்தக் கேரள நாட்டை, இங்கேயே உப்பும் புளியும் வாங்கி வாழும் நம்மில் எத்தனை குடும்பங்கள் சாவகாசமாகச் சுற்றிப் பார்த்திருக்கின்றன?

வருகிற தை மாதத்தில் குடும்பத்தோடு ஆறு நாள் மோட்டார் பிரயாணம் ஒன்று செய்வதென்று தீர்மானித்து, அதற்குரிய திட்டத்தையும் தயார் செய்திருக்கிறேன். சங்க அன்பர்களுக்கும் பயன்படக்கூடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

காரணம் என் தாயார். அவர் பிறந்தது மூணாற்றுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். பாட்டி கொழுந்து பறித்தவர். தாத்தா செடிகளுக்கு மருந்தடித்தவர். தோட்டத்தில் வேலை உள்ள வரையில்தான் வீடும் உண்டு. தாத்தாவுக்கு வேலை முடிந்ததும் லயத்து அறையைக் காலி செய்து கொடுத்துவிட்டு, கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்திற்கு எல்லோரும் இறங்கி வந்தார்கள். அப்போது அம்மாவுக்கு வயது பதினெட்டு. அதன் பின் அவர் மலை ஏறவேயில்லை. இப்போது அறுபதைக் கடந்துவிட்டார். முழங்கால் வலி வேறு. "இன்னும் இரண்டு வருஷம் போனால், கூட்டிக்கொண்டு போகிறேன் என்று நீ சொன்னாலும் என்னால் வர முடியாதுலே" என்று சென்ற ஓணத்தின்போது சொன்னார். அதற்கு மேல் ஒத்திப்போட மனம் வரவில்லை.

இரண்டு இரவு, மூன்று பகலில் மூணாறு முழுவதையும் காட்டிவிடுவதாகச் சொல்லும் சுற்றுலாக்காரர்கள் இருக்கிறார்கள். கொச்சியில் ஏற்றி, மலையில் ஓட்டி, படம் பிடிக்கச் செய்து, இறக்கி விடுவார்கள். குழந்தைகளுக்கு அது சம்மதம். செலவு குறைவு என்பதால் என் மனைவியும் முதலில் அதையே சொன்னாள். முழங்கால் வலிக்காரர் ஒருவரை வைத்துக்கொண்டு ஒரே நாளில் ஏறத்தாழ 280 கிலோமீட்டர் போவது பிரயாணமாகாது, தண்டனையாகும் என்பது என் கட்சி. ஒரு நாளைக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை, மலைப்பாதையானால் 110க்கு மேல் இல்லை என்று வரம்பு கட்டினேன். திரும்பி வரும் கடைசி நாளில் மட்டும், வீடு நோக்கிய சமவெளிப் பாதையாதலால், சிறிது தளர்த்திக்கொண்டேன்.

எப்போது போவது என்பதில்தான் அதிகம் யோசிக்க வேண்டியிருந்தது. ஆனி முதல் ஆவணி வரை மழை. ஐப்பசி, கார்த்திகையிலும் மழை. மூணாறு, தேவிகுளம் சாலையில் மண் சரியும் காலம் அது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் மூணாற்றில் கால் வைக்க இடமிராது. தைப்பொங்கலுக்குப் போகலாமென்றால், ஜனவரி 14ஐ ஒட்டி மகர விளக்கு வருகிறது. கோட்டயம், முண்டக்கயம், குமுளி வழி முழுவதும் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள்தாம். அந்தச் சமயத்தில் இரயில்வேயில் பயணச் சீட்டு எழுதும் எனக்கு விடுமுறையும் கிடைக்காது. சபரிமலை நடை சாத்துவது ஜனவரி 20ஐ ஒட்டி. இரவிகுளம் தேசியப் பூங்காவையோ, வரையாடுகள் குட்டி போடும் காலமென்று பெரும்பாலும் பிப்ரவரியில் மூடிவிடுவார்கள். இவ்விரண்டுக்கும் நடுவே பத்து நாள் இடைவெளி இருக்கிறது. குடியரசு தினத்தைச் சேர்த்துக்கொண்டால் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடமும் அதிகம் கெடாது. குளிர் கடுமையாக இருக்கும். கம்பளிகளைக் கடன் கேட்டு வைத்திருக்கிறேன்.

வழி இதுதான். முதல் நாள் கேசவதாசபுரத்தில் எம்.சி. ரோட்டைப் பிடித்து, கிளிமானூர், சடையமங்கலம், கொட்டாரக்கரை, செங்கன்னூர் வழியாகக் கோட்டயம். கிளிமானூர் இரவிவர்மா பிறந்த ஊர். சடையமங்கலத்துப் பாறை மேல் ஜடாயுவின் பெருஞ்சிலை இருக்கிறது. ஏறாமல் கீழிருந்தே பார்த்துக்கொள்ளலாம். இரண்டாம் நாள் முண்டக்கயத்தில் மலை தொடங்குகிறது. குட்டிக்கானம், பீருமேடு, வண்டிப்பெரியாறு என்று ஏறிக் குமுளியில் தங்கல். மதுரைச் சீமைக்கு நீர் தரும் பெரியாற்று அணை, பென்னிகுயிக் கட்டி 1895இல் முடித்தது, அந்தக் காட்டுக்குள்தான் இருக்கிறது. தேக்கடியில் படகில் ஏற்றுவதாகக் குழந்தைகளுக்கு வாக்களித்திருக்கிறேன். மூன்றாம் நாள் நெடுங்கண்டம், உடும்பன்சோலை, பூப்பாறை வழியே ஏலக்காய்க் காடுகளினூடே தேவிகுளம், மூணாறு. இந்தப் பீருமேடும் தேவிகுளமும் நம்மிடம் சேரவேண்டுமென்று நம் பெரியவர்கள் போராடியதும், 1956 நவம்பர் 1இல் அவை கேரளத்தோடு நின்றுவிட்டதும் நாம் அறிந்ததே. கடைத்தெருவில் தமிழ் கேட்டால் அம்மாவுக்கு அதுவே போதும்.

இடுக்கி மாவட்டத்தில் இன்று இரயில் பாதையே இல்லை. ஆனால் மூணாற்றில் ஒரு காலத்தில் இரயில் ஓடியது என்பதைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. குண்டளைப் பள்ளத்தாக்கு வழியே 1902இல் ஒற்றைத் தண்டவாளம் போட்டு மாடுகளைக் கொண்டு இழுத்தார்கள். 1908இல் இரண்டடி அகலப் பாதையாக்கி நீராவி எஞ்சினை ஓட்டினார்கள். தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வரை இரயிலில் போய், அங்கிருந்து கம்பி வடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கிப் போடிக்குச் செல்லும். 1924ஆம் வருஷத்துப் பெருவெள்ளம் பாலத்தையும் பாதையையும் அடித்துக்கொண்டு போயிற்று. மீண்டும் யாரும் போடவில்லை. டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் மிஞ்சியது. அங்கே நின்று போடிப் பக்கம் பார்ப்பதொன்றே இத்திட்டத்தில் எனக்கென்று நான் சேர்த்துக்கொண்டது.

அம்மா சேர்க்கச் சொன்ன இடம் வேறு. 2020 ஆகஸ்டு 6ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து, லயங்களில் உறங்கிக் கொண்டிருந்தவர்களை மூடிவிட்டதை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எழுபது பேர். அவர்களில் நால்வரின் உடல் கிடைக்கவேயில்லை. பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு. எங்கள் கிராமத்திலிருந்து கூப்பிடு தூரமென்றே சொல்லலாம். இராஜமலையில் அவர்களைச் சேர்த்து அடக்கம் செய்திருக்கிறார்கள். "அத்தை, சந்தோஷமாகப் போகிற இடத்தில் அங்கே எதற்கு?" என்று என் மனைவி மெல்லக் கேட்டாள். "நாங்களும் அப்படி ஒரு லயத்தில்தானே படுத்திருந்தோம்? மழை பெய்கிற ராத்திரியெல்லாம் எங்கம்மா உட்கார்ந்தே இருப்பாள்" என்றார் அம்மா. வரையாடு பார்க்கப் போவதும் அந்தப் பக்கமே. குழந்தைகள் ஆட்டைப் பார்க்கட்டும். அதே நாளில் நாங்கள் அங்கே பூ வைத்துவிட்டு வருகிறோம். வனத்துறைக் காவலைக் கடக்க வேண்டியிருப்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

அது ஐந்தாம் நாள் காலை. அன்று பிற்பகல் அடிமாலி வழியாக இறங்குகையில் வாளறை, சீயப்பாறை அருவிகள் சாலையோரத்திலேயே விழுகின்றன. 1935இல் திறந்த நேரியமங்கலம் பாலத்தைத் தாண்டிக் கோதமங்கலத்தில் தங்கிவிட்டு, ஆறாம் நாள் ஏற்றுமானூர்க் கோயிலில் சுவரோவியங்களைப் பார்த்துக்கொண்டு வீடு.

நான்காம் நாளைப் பற்றி நான் சொல்லவில்லை. மாட்டுப்பட்டி அணை, குண்டளை ஏரி, டாப் ஸ்டேஷன் என்று மணிக் கணக்குடன் அதையும் நிரப்பியே வைத்திருந்தேன். காகிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டியபோது, "அந்த ஒரு நாளில் ஒன்றும் எழுதாதே" என்றார். தோட்டத்து அலுவலகத்திற்கு அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன். லயத்து வரிசையில் எத்தனையாவது அறை என்பது அவருக்கு நினைவிருக்கிறது. அதில் இப்போது இருப்பவர்கள் தமிழர்களோ வடநாட்டிலிருந்து புதிதாக வந்தவர்களோ, தெரியாது. லயமே நிற்கிறதா என்பதும் தெரியாது. யாராயிருந்தாலும் கொடுப்பதற்கென்று முறுக்கும் அதிரசமும் செய்ய வேண்டுமென்று இப்போதே அரிசிக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். டாப் ஸ்டேஷனை மூன்றாம் நாள் மாலைக்கு மாற்றிவிட்டேன். பொழுது இருந்தால் பார்ப்பது, இல்லாவிட்டால் விட்டுவிடுவது. வாடகை வண்டி ஓட்டும் தம்பி, நான்காம் நாள் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டான். தோட்டம் வரைக்கும், பிறகு திரும்பி அறைக்கும் என்று சொல்லியிருக்கிறேன்.