தேக்காவில் ஒரு கண்ணாடிக் கதை

ஞாயிறு மாலை. பஃப்ளோ சாலையின் பூக்கடைகளைத் தாண்டினால் தேக்காவின் கைப்பேசிக் கடைகள். வாரமெல்லாம் கட்டுமானத் தளத்தில் அடிபட்ட கைப்பேசிகளுக்கு அன்றுதான் புதுக் கண்ணாடி, புது உறை.

எனக்கு முன்னால் ஒரு தம்பி, ஊர் புதுக்கோட்டையாம். பத்து நாளுக்கு முன் ஒட்டிய கண்ணாடி ஓரத்தில் எழும்பிவிட்டது.

“ஒரு வருஷம் கேரண்டின்னு சொன்னீங்களேண்ணே?”

“ரசீது இருக்கா தம்பி?”

இல்லை. மறுபடியும் 10 வெள்ளி கொடுத்து ஒட்டிக்கொண்டு, அங்கேயே நின்று மகளுக்கு வீடியோ கால் போட்டார். மகளின் முகம் பார்க்க அவருக்கு இருப்பது அந்தத் திரைதான்.

பெட்டியில் உள்ள ‘9எச்’ பென்சில் கீறலைத் தாங்கும் அளவு. விழுந்தால் உடையாது என்று பொருளல்ல. 2012 செப்டம்பர் முதல் இங்கே ‘லெமன் லா’ உண்டு. பொருள் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது முதலிலேயே இருந்ததாகச் சட்டம் கருதும். இல்லையென்றால் கடைக்காரர்தான் நிரூபிக்க வேண்டும். நாமே கீழே போட்டு உடைத்தால் செல்லாது.

பேசுவதே என் தொழில். ஆனால் கடையில் வாய்ப்பேச்சு போதாது. கேரண்டி எத்தனை நாள், எதற்கெல்லாம் என்று ரசீதில் எழுதி வாங்கி, படம் பிடித்து வையுங்கள். பக்கத்தில் நிற்கும் தம்பிக்கும் சொல்லுங்கள்.