நிற்பதற்காக எடுத்த கார்

ஐஸ்லாந்துக்குப் போக ஆசைப்படும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எவ்வளவு ஆகும்?" அடுத்தது, "எத்தனை நாளில் முழுசாகச் சுற்றலாம்?" இரண்டாவது கேள்விக்கு விடை தேடப் போனால் முதல் கேள்விக்கான தொகை ஏறிக்கொண்டே போகும். தீவைச் சுற்றியே தீருவது என்று கிளம்பினால் பெட்ரோல் கூடும், ஒவ்வோர் இரவும் புதிய ஊரில் அறை தேட வேண்டும், சமைக்க நேரம் இல்லாமல் பெட்ரோல் பங்கில் சாப்பிட வேண்டும். அந்த நாட்டில் மலையும் அருவியும் பனிப்பாறையும் பெரும்பாலும் நுழைவுச்சீட்டு இல்லாமல் கிடைப்பவை. செலவெல்லாம் நாம் ஓடும் ஓட்டத்துக்குத்தான்.

லண்டனிலிருந்து பல கோடைகளாக அங்கே போய் வாடகைக் கார் ஓட்டி வருகிறேன். வசதி குறைவாக இருந்த காலத்தில் பழகிய முறையை வசதி வந்த பிறகும் நான் மாற்றவில்லை, ஏனென்றால் அதுதான் அந்த நிலத்தைப் பார்ப்பதற்குச் சரியான முறை என்று நம்புகிறேன்.

ஒன்றாம் எண் சாலை தீவைச் சுற்றி ஏறத்தாழ 1,322 கிலோமீட்டர் ஓடுகிறது. இந்த வட்டம் 1974-இல்தான் மூடியது. அதுவரை தென்கிழக்கே ஸ்கெய்தாரார்சாண்டூர் என்ற கரிய மணல்வெளியில் ஓடும் பனியாறுகளுக்குப் பாலம் கிடையாது. கிழக்கே இருக்கும் ஹோப்ன் ஊர்க்காரர்கள் தலைநகர் ரேக்யவிக்குக்குச் சாலை வழியே வர வேண்டுமானால் வடக்கைச் சுற்றித்தான் வர வேண்டும். இப்போது தார்ச்சாலையில் வேக வரம்பு 90. வரைபடத்தை வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு வாரத்தில் சுற்றிவிடலாம் என்றுதான் தோன்றும். சுற்றிவிடலாம். மழை மேகத்துக்குள் ஒளிந்திருக்கும் மலைகளைத் தாண்டி, அடுத்த ஊர் அறையை நோக்கி விரட்டிக்கொண்டு போகலாம்.

ஆனால் அங்கே வானிலை மணிக்கணக்கில் மாறும். காலையில் வந்தவர் சாம்பல் நிறச் சுவரைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார். அதே இடத்தில் மாலை வரை உட்கார்ந்தவருக்கு மேகம் கிழிந்து, பனிமலையின் முழு முகமும் வெயிலில் தெரிந்திருக்கும். சுற்றுலாப் பேருந்தில் வருகிறவருக்குக் காத்திருக்கும் உரிமை இல்லை; ஓட்டுநர் ஹாரன் அடித்தால் ஏறியாக வேண்டும். கார் எடுப்பவர் வாங்குவது அந்த உரிமையைத்தான். மழையில் உட்கார ஒரு கூரை, காற்றுக்கு ஒரு சுவர், ஃபிளாஸ்க் வைக்க ஓர் இடம். கார் வாடகையில் ஒவ்வொரு காசும் நாம் நிற்கும் நேரத்தில்தான் திரும்பி வருகிறது.

என் அக்கா மகன் ஒருமுறை போனில் கேட்டான்: "மாமா, ஃபோர் வீல் டிரைவ் எடுக்கணுமா? எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"எந்த மாசம் போற?"

"ஜூன்."

"உள்நாட்டு மலைப்பாதைக்குப் போறியா?"

"இல்ல மாமா, தெற்குக் கடற்கரை மட்டும்."

"அப்ப இருக்கறதுலயே சின்ன காரா எடு. கியர் வண்டியா எடு, ஆட்டோமேட்டிக்கைவிட வாடகை குறையும்."

அவனுக்குச் சொன்னதையே எல்லோருக்கும் சொல்கிறேன். கோடையில் ஒன்றாம் எண் சாலைக்குச் சிறிய கார் தாராளமாகப் போதும். 2019-க்குப் பிறகு அந்த வட்டம் முழுக்கத் தார்ச்சாலைதான். எண்ணுக்கு முன்னால் 'எஃப்' என்று எழுதியிருக்கும் உள்நாட்டுப் பாதைகள் வேறு. அவை பொதுவாக ஜூன் பிற்பகுதிக்கு மேல்தான் திறக்கும், பல இடங்களில் ஆற்றுக்குள் இறங்கிப் போக வேண்டும், நான்கு சக்கர இழுவை கட்டாயம். சின்ன காரில் அங்கே நுழைந்தால் காப்பீடு செல்லாது. ஆற்றில் இறங்கி இன்ஜினுக்குள் தண்ணீர் போனால், பெரிய வண்டியாக இருந்தாலும் காப்பீடு பொதுவாகக் கைவிட்டுவிடும். குளிர்காலம் முற்றிலும் வேறு கதை. பனிச்சாலையில் ஓட்டிப் பழகாதவர் அப்போது கார் எடுக்கவே வேண்டாம்.

காப்பீட்டில் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. பக்கத்து வண்டியின் சக்கரம் தெறிக்கவிடும் சரளைக்கல் முன்கண்ணாடியில் நட்சத்திரம் போட்டுவிடும். ஆகவே சரளைக் காப்பு எடுப்பேன். தெற்கு மணல்வெளிகளில் புயல் கிளம்பினால் மணலும் எரிமலைச் சாம்பலும் காரின் பெயின்ட்டையே உரித்துவிடும். அதற்கும் தனிக் காப்பு உண்டு, முன்னறிவிப்பில் காற்று தெரிந்தால் அதையும் எடுப்பேன். இன்னொன்றுக்கும் எந்தக் காப்பும் அனேகமாகக் கிடைக்காது: காற்று பிய்த்துக்கொண்டுபோகும் கதவு. பின்னாலிருந்து காற்றடிக்கும்போது கவனமில்லாமல் திறந்தால், கதவு கையிலிருந்து பறிக்கப்பட்டு, கீல் வளைந்து, முன்பக்கம் போய் மடங்கிவிடும். அந்த ஒரு நொடி, மொத்தப் பயணச் செலவையும் விழுங்கும். ஆகவே காரை எப்போதும் மூக்கு காற்றைப் பார்க்க நிறுத்துங்கள். கதவை விரல் அளவு திறந்து, காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று கையில் உணர்ந்த பிறகு, விளிம்பை இறுகப் பிடித்தபடியே இறங்குங்கள். இரண்டு பக்கக் கதவுகளையும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டாம்.

கார் கையில் வந்ததும் சுற்றிலும் வீடியோ எடுத்துவிடுவது என் வழக்கம். கூரை, சக்கர விளிம்பு, முன்கண்ணாடி, ஓடோமீட்டர், பெட்ரோல் முள் எல்லாம் அதில் இருக்கும். ஒரு நிறுவனம் பழைய கீறல் ஒன்றுக்கு என்னிடம் பணம் கேட்டபோது அந்த வீடியோவைக் காட்டியதும் பேச்சு முடிந்தது.

ஓட்டுவதில் நம்மவருக்கு முதல் சிக்கல், சாலையின் வலப்பக்கம். இந்தியா, இலங்கை, மலேசியா, பிரிட்டன் என்று நம்மில் பெரும்பாலோர் இடப்பக்கம் பழகியவர்கள். நெரிசலில் தவறு வராது, முன்னால் போகிறவரைப் பின்பற்றிவிடுவோம். ஆபத்து எங்கே என்றால், விடியற்காலையில் ஆளில்லாத வண்டி நிறுத்தத்திலிருந்து ஆளில்லாத சாலைக்குத் திரும்பும்போது. அங்கே பார்த்துப் பின்பற்ற யாரும் இல்லை. பக்கத்தில் இருப்பவர் ஒவ்வொரு திருப்பத்திலும் "வலது" என்று வாய்விட்டுச் சொல்லட்டும். ரேக்யவிக்கில் இரட்டைத் தட ரவுண்டானாக்களில் உள்தடத்தில் இருப்பவருக்குத்தான் வெளியேற முன்னுரிமை. ஊர் தாண்டினால் ஒற்றைத் தடப் பாலங்கள். முதலில் நெருங்கியவர் முதலில் போவார், எதிர்க்கரையில் இருப்பவர் காத்திருப்பார். எதிரே வருவது தெரியாத மேடுகளில் வேகத்தைக் குறையுங்கள். கோடையில் ஆடுகள் வேலியின்றித் திரியும். தாய் ஒரு பக்கம், குட்டி மறுபக்கம் நின்றால் குட்டி கட்டாயம் குறுக்கே ஓடும். முகப்பு விளக்கு பகலிலும் எரிய வேண்டும் என்பது சட்டம்.

எங்கே நிற்பது? தெற்கே வீக் ஊருக்கும் ஸ்காஃப்டாஃபெல் இயற்கைப் பகுதிக்கும் நடுவில் கிர்க்யுபையர்க்ளோய்ஸ்தர் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. மேற்கே எழுபது கிலோமீட்டரில் வீக், கிழக்கே அதே தூரத்தில் ஸ்காஃப்டாஃபெல், அதற்கப்பால் ஏறத்தாழ அறுபதில் யோகுல்சார்லோன் பனிக்குளம். இங்கே சமையலறை உள்ள ஓர் இடத்தை மூன்று இரவுக்கு எடுத்துவிட்டால் பெட்டியைத் தினம் கட்டி அவிழ்க்க வேண்டாம். காலையில் வானிலைத் துறையின் மேகப்படத்தைப் பார்த்து, கிழக்கு திறந்திருந்தால் கிழக்கே, மேற்கு திறந்திருந்தால் மேற்கே போகலாம்.

இந்த ஊருக்கு மேற்கே சாலையின் இருபுறமும் எல்த்ஹ்ராய்ன் எரிகுழம்புப் பரப்பு. 1783 ஜூனில் லாக்கி எரிமலைப் பிளவு திறந்து எட்டு மாதம் கக்கிய குழம்பு இது. அதன் நச்சுப்புகையில் புல் கெட்டு, ஆடுமாடு செத்து, பஞ்சம் வந்து, நாட்டு மக்களில் ஐந்தில் ஒரு பங்கினர் மாண்டார்கள். இப்போது அந்தப் பாறை முழுக்கச் சாம்பல் பச்சைப் பாசி மூடியிருக்கிறது. வண்டியை நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, ஓரமாகக் குனிந்து பாருங்கள். மெத்தை போல் தடித்த பாசி, ஈரத்தில் பளிச்சென்ற பச்சை, காய்ந்தால் வெள்ளிச்சாம்பல். இரண்டு நூற்றாண்டுக்கு மேல் வளர்ந்தது. ஒரு காலடித் தடம் அதில் பல ஆண்டு தங்கும், சக்கரத் தடம் பல பத்தாண்டுகள். சாலையை விட்டு வண்டி இறக்குவது அங்கே குற்றம், அபராதம் கடுமை. அபராதமே இல்லாவிட்டாலும் அதைச் செய்யக் கூடாது.

கிழக்கே போனால், நான் முன்பு சொன்ன ஸ்கெய்தாரார்சாண்டூர் மணல்வெளி. 1996 செப்டம்பர் கடைசியில் வாட்னயோகுல் பனிப்படலத்துக்கு அடியில் எரிமலை வெடித்தது. உருகிய நீர் கிரிம்ஸ்வோட்ன் பள்ளத்தில் ஒரு மாதத்துக்கு மேல் தேங்கி, நவம்பர் 5-ஆம் தேதி பனிக்கட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே பாய்ந்தது. வீடளவு பனிப்பாளங்கள் மிதந்து வந்து பாலங்கள் மீது மோதின. வெள்ளம் வரும் என்று முன்பே தெரிந்து சாலையை மூடியிருந்ததால் ஒருவரும் சாகவில்லை. வளைந்து முறுகிய இரும்பு உத்தரங்கள் இரண்டை ஸ்காஃப்டாஃபெலுக்கு அருகில் சாலையோரம் அப்படியே வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் போய் நில்லுங்கள். அந்த இரும்பின் கனத்தைப் பார்த்த பிறகு எதிரே அமைதியாகப் படுத்திருக்கும் வெள்ளைப் பனி வேறு மாதிரி தெரியும். பேருந்துகள் பலவும் இங்கே நிற்காமல் போய்விடுகின்றன.

யோகுல்சார்லோனில் நான் ஒரு முழு நாளைக் கழிப்பேன். வண்டி நிறுத்தக் கட்டணம் ஒன்றுதான் செலவு. படகுச் சவாரி உண்டு, ஆனால் கரையே போதும். குளம் ஒரு குறுகிய கால்வாயால் கடலோடு சேர்கிறது. வற்றத்தில் நீர் கடலை நோக்கி ஓடும், ஏற்றத்தில் கடல் உள்ளே வரும். அரை மணி நேரம் வந்து போகிறவருக்குப் பனிப்பாளங்கள் அசையாத காட்சி. ஏற்றம் மாறும் வரை இருப்பவருக்கு அவை ஒவ்வொன்றும் திரும்பி, உரசி, பாலத்தடியில் சிக்கி, விடுபட்டுப் போவது தெரியும். இறுகிய பனி நீலமாக இருக்கும், இடையிடையே பழைய வெடிப்புகளின் சாம்பல் கரும் வரியாக ஓடும். சில சமயம் ஒரு பாளம் அடியில் கரைந்து நிலை தவறி அப்படியே புரளும். நீருக்கடியில் இருந்த பக்கம் மேலே வரும்போது கண்ணாடி போலத் தெளிந்த கருநீலம். காற்று பட்டுப் பட்டு அது மெல்ல வெளுக்கும். சீல்கள் தலை நீட்டிப் பார்த்துவிட்டு முங்கும். ஜூனில் இரவு பதினொன்றுக்கும் வெளிச்சம் இருக்கும், கூட்டம் போயிருக்கும். பாளங்கள் மேல் மட்டும் ஏறாதீர்கள்.

இன்னோர் எச்சரிக்கை, வீக்கை அடுத்த ரேய்னிஸ்ஃபியாரா கருமணல் கடற்கரைக்கு. அமைதியான அலைகளுக்கு நடுவே திடீரென்று ஒன்று கரையின் மேல்வரை ஏறி ஆளை இழுத்துப் போய்விடும். பலர் இறந்திருக்கிறார்கள். அங்கே வைத்திருக்கும் எச்சரிக்கை விளக்கு சொல்வதைக் கேளுங்கள், கடலுக்கு முதுகு காட்டாதீர்கள்.

சாப்பாடு எளிது. ரேக்யவிக்கிலேயே போனஸ் அல்லது குரோனன் கடையில் வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். கிழக்கே போகப் போகக் கடை குறையும், விலை ஏறும். அரிசி, பருப்பு, முட்டை, ஸ்கீர் என்ற கெட்டித்தயிர் அங்கேயே கிடைக்கும். புளிக்காய்ச்சலும் சாம்பார் பொடியும் வீட்டிலிருந்து. தண்ணீர் பாட்டில் வாங்குவது வீண், குழாய் நீர் அருமையானது. சுடுநீர்க் குழாயைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்காதீர்கள். பூமிக்கடியிலிருந்து வரும் அந்த நீரில் பல ஊர்களில் கந்தக வாடை இருக்கும். குளிக்கும்போது மெட்டி, கொலுசைக் கழற்றி வையுங்கள், வெள்ளி கறுத்துவிடும்.

விளம்பரத்தில் வரும் வெந்நீர்க் குளங்களுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு சிறு பகுதிதான் ஊராட்சி நீச்சல்குளத்துக்கு ஆகும். அனேகமாக எல்லா ஊரிலும் ஒன்று இருக்கும், வெட்டவெளியில் வெந்நீர்த் தொட்டிகளோடு. மாலையில் ஊர்க்காரர்கள் கழுத்தளவு நீரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். நாளைய சாலை எப்படி என்று அவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். இறங்கும் முன் உடையின்றிச் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும் என்பது விதி. கூச்சப்பட்டு அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அந்த நீரில் குளோரின் குறைவாகப் போடுவதே இந்தச் சுத்தத்தை நம்பித்தான்.

இரவில் சாலையோரம் காரிலேயே தூங்கிப் பணம் மிச்சம் பிடிக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கேம்பர் வண்டியோ கூடார வண்டியோ, முறையான முகாமிடத்துக்கு வெளியே இரவு தங்க நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். முகாமிடங்கள் மலிவு, சமையல் கொட்டகையும் கழிப்பறையும் பெரும்பாலும் உண்டு. கூடாரம் எடுத்தால் காற்றைத் தாங்கும் தாழ்வான கூடாரமாக இருக்கட்டும்.

போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இது. மே கடைசியிலோ செப்டம்பரிலோ போங்கள், கார் வாடகையும் அறை வாடகையும் உச்ச கோடையைவிட இறங்கியிருக்கும். ஒரு வாரம்தான் விடுமுறை என்றால் ஹோப்ன் வரை போய் அதே வழியில் திரும்புங்கள். போகும்போது மழையில் மறைந்த மலை வரும்போது தெரியும். காற்று வினாடிக்கு இருபது மீட்டரைத் தொடும் என்று முன்னறிவிப்பு சொன்னால் அன்று காரை எடுக்காதீர்கள். மீவட்ன் ஏரி, டெட்டிஃபோஸ் அருவி, அகுரேய்ரி நகரம் எல்லாம் வடக்கே இருக்கின்றன. அவற்றுக்குத் தனியாக இன்னொரு வாரம் ஒதுக்குங்கள்.